கோட்டில் தைத்த பெயர்

என் அம்மாவைப் புதைத்த இடத்தைப் பேத்தி கண்டுபிடித்துவிட்டாளாம். கடலோரத்தில் ஏதோ ஓர் ஊராம். ரயிலில் போனால் ஒரு பகல் முழுக்க ஆகுமாம்.

"பாட்டி, பதிவெல்லாம் கச்சிதமா இருக்கு. உங்க அப்பா வீட்டுப் பெயர், கல்யாணம், நீங்க பொறந்தது எல்லாம் ஒரே சீட்டுல இருக்கு. அந்தச் சீட்டை வெச்சிருந்த அம்மா அங்கதான் செத்துருக்காங்க. மீன் டப்பா அடைக்கிற ஆலையில வேலை பார்த்திருக்காங்க" என்றாள்.

"என் அம்மாவுக்கு மீன் வாடையே ஆகாதுடி" என்றேன்.

"பதிவுல இருக்கு பாட்டி."

"இருந்துட்டுப் போகட்டும். என் அம்மா இந்த ஊர்லதான் செத்தா. கண்ணை மூடிவிட்டவ நான்."

பேத்தியைக் குறை சொல்ல மாட்டேன். நம் குடும்பத்துப் பெண்களை ஒவ்வொருத்தியாகத் தேடி எடுத்து வருகிறாள். அதுவும் லேசான காரியமில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பதிவுகளில் பெண்ணின் சொந்தப் பெயரை எழுதும் வழக்கமே கிடையாது. கல்யாணம் ஆகும்வரை இன்னார் வீட்டு மகள், ஆனபிறகு இன்னார் வீட்டு மனைவி. வீட்டுப் பெயர் மாறினால் ஆளே மாறினமாதிரி. பேத்தி மேசையில் பரப்பி வைத்திருந்தவற்றில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். சலவைக்கூடத்திலிருந்து விடுவிக்கப்பட்டவள், இஸ்திரிக் கடையில் வேலை பார்த்தவள், ஒரு மரக்கடைக்காரரின் விதவை. "இது யாரோ பாட்டி, தப்பா கலந்திருக்கு" என்று ஒதுக்கி வைத்திருந்தாள்.

அந்த யாரோதான் என் அம்மா.

அம்மாவைப் பெற்றவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். கல்யாணம்வரை அம்மா எல்லா இடத்திலும் அவர் வீட்டு மகள். என் அப்பா பாலம் கட்டுகிற இடங்களில் கம்பி கட்டுகிற வேலைக்குப் போனவர். கல்யாணத்தன்று அவர் வீட்டுப் பெயர் அம்மாவின்மேல் ஏறியது. நான் பிறந்ததும் அதே சீட்டின் கீழ்ப்பாதியில் என்னையும் எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முத்திரை எந்தப் பக்கம் வரவேண்டும் என்று மட்டும் தெரியும். அந்தச் சீட்டைப் பழைய துணியில் சுற்றித் தன் அண்ணன் வீட்டுத் தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாள்.

அப்பா பாலத்திலிருந்து விழுந்து இறந்தபோது எனக்குப் பல் விழ ஆரம்பித்திருந்தது. என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், அப்போது ரோடு போடுகிற கும்பலோடு எங்கேயோ தொலைவில் இருந்தார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எங்கள் இருவருக்கும் சாப்பாடு போட்டுப் பார்த்தார். முடியவில்லை. ஒருநாள் வந்து நின்றார்.

"அண்ணி, ஒரு நல்ல இடம் சொல்லியிருக்காங்க. சோறு, படுக்கை, வேலை எல்லாம் ஒரே கூரைக்குள்ள. வெளியவே வரவேண்டாம்."

அந்தக் கடைசிப் பேச்சு எவ்வளவு உண்மை என்று பாவம் அவருக்கே தெரிந்திருக்காது.

அது பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். கீழே பாய்லரும் தொட்டிகளும். அதற்கு மேல் இஸ்திரி அறை. அதற்கும் மேல் நாங்கள் படுக்கிற கூடம். உச்சியில் துணி காய்கிற மொட்டை மாடி. ஜன்னல்களை எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே வைத்துக் கட்டியிருந்தார்கள். வெளிச்சம் வரும், தெரு வராது. பாய்லர் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவளிடம் பேசவே தொண்டை கிழியக் கத்தவேண்டும். நாள் முழுக்க நீராவி. சுவரைத் தொட்டால் கை ஈரமாகும், ரொட்டியைப் பிட்டால் அதுவும் ஈரமாக இருக்கும். அங்கிருந்த பெண்கள் எல்லாரும் யாரோ கொண்டுவந்து விட்டவர்கள். விதவை, தள்ளி வைக்கப்பட்டவள், புருஷனுக்கு அடங்காதவள் என்று எல்லா ரகமும் உண்டு. உள்ளே வர யார் கொண்டுவந்து விட்டாலும் சரி. வெளியே போக மட்டும் ஒரு சட்டம். அவள் வீட்டுப் பெயர் கொண்ட ஆண் ஒருவன் நேரில் வந்து, பெயரைச் சொல்லிக் கேட்டு, கைநாட்டு வைத்துக் கூட்டிப் போகவேண்டும். பெண்களின் பாதுகாப்புக்காக என்று சொல்வார்கள்.

அதை நடத்தியவளுக்குச் சாவியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். இடுப்பில் அவ்வளவு சாவி. அவள் வருவது தெரியாமல் யாரும் மாட்டிக்கொண்டதே இல்லை.

தொட்டிகளில் வேலை செய்கிறவர்களுக்குத் தடித்த கோட்டு ஒன்று கொடுப்பார்கள். நெஞ்சில் சிவப்பு நூலால் வீட்டுப் பெயர் தைத்திருக்கும். சேர்ந்த மறுநாள் காலை அம்மாவுக்கும் ஒரு கோட்டு வந்தது. முழங்காலைத் தாண்டித் தொங்கியது, கையை மடித்து மடித்து விடவேண்டியிருந்தது. ஆனாலும் அம்மா அந்தச் சிவப்பு எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"பாரு, அதுக்குள்ள உங்கப்பா பேரைத் தெச்சுட்டாங்க."

அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் மறக்கவே இல்லை. ஒரே ராத்திரியில் யார் தைத்திருக்கப் போகிறார்கள்? அது இன்னொருத்தியின் கோட்டு. ஒருத்தி போனால் அவள் கோட்டை அடுத்து வருகிறவளுக்குக் கொடுத்துவிடுவார்கள். தையலைப் பிரித்தால் துணி கிழிகிறது, புதுக் கோட்டுக்கு எழுதிக் கேட்டால் வந்து சேர்வதில்லை. காலையில் வருகைக்கு நிற்கும்போது எழுத்தர் வரிசையைப் பார்த்துக்கொண்டே நடப்பார். முகத்தைப் பார்க்கமாட்டார். நெஞ்சைப் பார்த்து எழுதிக்கொண்டே போவார். கோட்டு வந்திருந்தால் ஆள் வந்தாயிற்று. என்னைப்போலக் கூடவந்த குழந்தைகளுக்குக் கோட்டும் கிடையாது, கணக்கும் கிடையாது. பெண்களும் ஒருவரை ஒருவர் பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அம்மா வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அதனால் கோட்டில் என்ன இருக்கிறது என்பது யார் வாயிலும் வரவே இல்லை.

இப்படி இரண்டு குளிர்காலம் போனது. அம்மா மாமாவை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாள். மாமாவுக்கு எங்கள் வீட்டுப் பெயர் இல்லைதான். ஆனால் மாமா வந்தால் சித்தப்பாவைத் தேடிப் பிடித்து இழுத்துவந்து கைநாட்டு வைக்க வைப்பார், அது நிச்சயம். அண்ணன் வந்துவிட்டால் போதும் என்பதுதான் அவள் பேச்சு.

மாமா வந்தார். நானும் அம்மாவும் மொட்டை மாடியில் விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தோம். கைப்பிடிச் சுவர் உயரமானது. கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றால் வெளிவாசல் தெரியும். நான் ஏறிப் பார்த்தேன். மாமா வாட்ச்மேனிடம் பேசிக்கொண்டிருந்தார். கூடவே சித்தப்பா.

"அம்மா, மாமா."

அம்மா என்னை இறக்கிவிட்டுத் தான் ஏறினாள். கூப்பிட்டாள். கீழே பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் தலையை ஆட்டுவதும் மாமா மறுபடி மறுபடி எதையோ கேட்பதும் தெரிந்தது. அம்மா ஈர விரிப்பு ஒன்றைச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டு உதறினாள். அந்த மாடியில் எந்நேரமும் விரிப்பு ஆடிக்கொண்டுதான் இருக்கும். யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்? இரண்டு பேரும் திரும்பி நடந்தார்கள்.

அம்மா படிகளில் ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். உள்வாசல் கம்பிக் கதவுவரைதான் எங்களை விடுவார்கள். அங்கே நின்று வாட்ச்மேனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இப்ப வந்தாரே, அவர் என் கூடப்பொறந்தவர். ஏன் என்னைக் கூப்பிடல?"

"அவங்க வேற யாரையோ கேட்டாங்கம்மா. அந்தப் பேர்ல இங்க ஆள் இல்லன்னு சொன்னேன். ஏற்கனவே ஒருதடவை வந்து கேட்டுட்டுப் போனவங்கதான்."

"என்ன பேர் கேட்டாங்க?"

அவர் சொன்னார். அது என் அப்பாவின் வீட்டுப் பெயர்.

"அது நான்தான்."

வாட்ச்மேன் கம்பிக்கு அருகில் வந்து அம்மாவின் நெஞ்சைப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். "இல்லையேம்மா" என்றார்.

அம்மா அங்கிருந்து நேராகத் தையல் அறைக்குப் போனாள். அங்கே கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற அக்கா ஒருத்தி இருந்தாள், படித்தவள்.

"அக்கா, இதுல என்ன எழுதியிருக்கு?"

தையலக்கா நிமிராமலே சொன்னாள். "நெட்டையோட புருஷன் வீட்டுப் பேர்."

"நெட்டை யாரு?"

"உனக்கு முன்னாடி இருந்தவ. அழுக்கு விரிப்பு ஏத்துற வண்டியில ஒளிஞ்சு ஓடிப்போயிட்டா. அதுக்கப்புறம்தான் வண்டியைக் கம்பியால குத்திப் பார்த்து அனுப்புறாங்க."

"அப்ப நான் வந்ததை எங்க எழுதியிருக்காங்க?"

தையலக்கா அப்போதுதான் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "உன்னை எழுதவே இல்லடி, ரேடியோ. ஒருத்தி ஓடிப்போனான்னு எழுதினா சாவியம்மாவுக்கு வேலை போகும். ஓடினவ கோட்டுல நீ நிக்கிற. தலை எண்ணிக்கை சரியா இருக்கு. அவளுக்கு அது போதும்."

சாவியம்மாவிடமும் அம்மா போனாள். அவள் கோபப்படவே இல்லை. பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

"பேரை மாத்தணும்னா உன் வீட்டு ஆம்பளை வந்து சொல்லணும்."

"வந்தாரும்மா. அந்தப் பேர்ல ஆளே இல்லன்னு அனுப்பிட்டீங்களே."

"பதிவுல இல்லாத பேரைச் சொன்னா எப்படி உள்ள விடுறது?"

"பேரை மாத்தினாத்தானேம்மா பதிவுல வரும்."

"அதுக்குத்தான் உன் வீட்டு ஆம்பளை வரணும்னு சொல்றேன்."

அம்மா திரும்பி வந்து படுக்கையில் உட்கார்ந்தாள். ரேடியோ அன்றைக்குப் பாடவில்லை. மறுநாளும் பாடவில்லை. கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாதவள் அவ்வளவு நேரம் எழுத்தைப் பார்த்து நான் கண்டதில்லை.

பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. விரிப்பு வண்டி ஓட்டுகிறவர் நல்ல மனிதர். ஆளை ஏற்றமாட்டார், சேதியை ஏற்றுவார். அம்மா அவரிடம் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: அண்ணா, என்னைக் கேட்காதே. இந்தப் பேரைச் சொல்லிக் கேள். அவள் புருஷன் நான் என்று சொல்.

மாமா வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து, யாரோ ஒருவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சாவியம்மாவின் அறையில் எழுத்தர் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். என்னை அழைத்துப் போவதற்கு முன் அம்மா காதில் ஓதியிருந்தாள். யாராவது கேட்டால் மாமாவை அப்பா என்று சொல்லவேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. என் அப்பா பாலத்திலிருந்து விழுந்தவர். இன்னொருவரை எப்படி அப்படிச் சொல்வது?

சாவியம்மா மாமாவை மேலும் கீழும் பார்த்தாள். நெட்டையைக் கொண்டுவந்து விட்ட நிஜப் புருஷனை அவள் நேரில் பார்த்திருக்கிறாள். அது இவர் இல்லை என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அவள் கேட்டதெல்லாம் வேறு.

"பொண்டாட்டியைக் கொண்டுவந்து தள்ளிட்டுப் போய் இத்தனை நாள் கழிச்சு வர்றீங்க. கூச்சமா இல்ல?"

"தப்புத்தாம்மா" என்றார் மாமா.

"இனிமே அடிப்பீங்களா?"

"மாட்டேம்மா."

"அவ முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

மாமா தன் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். காது நுனிவரை சிவந்துபோனது. "இனிமே அடிக்கமாட்டேன்" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்றுதான் எழுத்தர் நினைத்திருப்பார். அவள் தோள் குலுங்கியது எதனால் என்று எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பை அடக்க அவள் உதட்டைக் கடித்த தழும்பு ரொம்ப நாள் இருந்தது.

எழுத்தர் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, இது யாரு?"

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அம்மா என் தோளைக் கிள்ளினாள். நான் சொல்லவில்லை.

"கோவமா இருக்கா. இத்தனை நாள் வரலைன்னு" என்றார் மாமா.

சாவியம்மா எழுத்தரைப் பார்த்து, "எழுதுங்க" என்றாள். ஓடிப்போன ஒருத்தியை முறைப்படி வெளியே அனுப்பியாயிற்று என்று அவளுக்கும் கணக்கு முடிந்தது. மாமா இன்னொருவன் பெயரில் கைநாட்டு வைத்தார். அம்மா கையில் விடுதலைச் சீட்டு வந்தது. அந்தப் பெயரில்.

தெருவுக்கு வந்ததும் அம்மா கொஞ்ச தூரம் ஓடினாள், திரும்பி வந்தாள், மறுபடி ஓடினாள். மாமா நடுத்தெருவில் நின்று, "என்ன பொண்டாட்டி, இப்படி ஆடுற" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவ்வளவு சிரித்து நான் அவர்களைப் பிறகு பார்த்ததில்லை.

மாமா வீட்டில் ஒரே அறை. மாமா, அத்தை, அவர்கள் பிள்ளைகள், நாங்கள். அம்மா வேலை தேடினாள். அப்போது சீட்டு இல்லாமல் எங்கேயும் ஆள் எடுக்கமாட்டார்கள், சோதனை போட ஆள் வரும். தகரப் பெட்டியில் அப்பா வீட்டுச் சீட்டு இருந்தது. அதைக் காட்டினால், இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். சலவைக்கூடம் என்று சொன்னால் அங்கே அந்தப் பெயர் இல்லை. அதனால் விடுதலைச் சீட்டைக் காட்டினாள். இஸ்திரிக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாளைக்கு மட்டும் என்றாள் அம்மா. சலவைக்கூடத்தில் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். பெயரைக் கழற்ற முடியவில்லை.

ஒருநாள் கதவைத் தட்டி ஒருத்தி வந்தாள். நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்துதான் உள்ளே வரமுடிந்தது. அம்மா அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். ஓடிப்போன நெட்டை அவள்தான் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"என் சீட்டைக் குடு" என்றாள் வந்தவள்.

"உக்காரு. தண்ணி குடிக்கிறியா?"

"தண்ணி குடிக்க வரல. போற இடமெல்லாம் சீட்டு கேக்குறாங்க. எழுதிக் கேக்கலாம்னு ஆள் விட்டா, உன் சீட்டைத்தான் உன் புருஷன் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரேன்னு சொல்றாங்க. எனக்கு உயிரே போயிருச்சு. அவன்தான் வந்துட்டான்னு நெனச்சேன். அப்புறம்தான் விசாரிச்சேன், இப்படி ஒரு மவராசி என் பேர்ல இஸ்திரி போடுறான்னு."

"குடுத்துட்டா நான் என்ன செய்யறது?"

"நான் என்ன செய்யறேனோ அதைச் செய். கிடைச்ச இடத்துல படு."

"எனக்குப் பொண்ணு இருக்கா."

"எனக்குப் பொண்ணு இல்லாததுக்கும் நீதான் காரணம்னு சொல்லிக்கவா?" என்றாள் நெட்டை. சொல்லிவிட்டு அவளே உட்கார்ந்துவிட்டாள்.

நெட்டை வெளியே சொன்னால் மாமாவுக்கு ஜெயில். அம்மா வெளியே சொன்னால் நெட்டையின் புருஷன் காதுக்குப் போகும். மரக்கடை வைத்து மரம் அளந்து விற்கிறவன் அவன். அளவுகோலால்தான் அவளையும் அடிப்பானாம். அவள் கை முட்டிகளைக் காட்டினாள். அத்தை டீ போட்டுக் கொடுத்தாள். அம்மா எழுந்து தகரப் பெட்டியைத் திறந்தாள். துணிச் சுருளைப் பிரித்தாள்.

"இது என் வீட்டுக்காரர் பேர். அவர் இல்ல."

"செத்தவர் பேரா?" நெட்டை சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது. "செத்தவன் தேடி வரமாட்டான்" என்றாள்.

"கீழ என் பொண்ணு பேர் இருக்கு."

நெட்டை என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "வேணாம். அது பாவம்" என்று நீட்டினாள்.

அம்மா வாங்கவில்லை. நான் அழுதேன். அது என் சீட்டு என்று கத்தினேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "பேர்தான்டி போகுது. நீ என்கிட்டதான இருக்க" என்றாள்.

நெட்டை அன்றைக்கே ரயிலேறினாள். எந்த ஊர் என்று அம்மா கேட்கவில்லை. தெரிந்தால் ஒருநாள் வாய் தவறிவிடும் என்றாள். தன் வாயைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் என் சீட்டைக் கேட்டார்கள். இல்லை என்றாள் அம்மா. சீட்டு இல்லாத பிள்ளையைச் சேர்க்கமாட்டோம் என்றார்கள். இஸ்திரி மேசைக்குக் கீழே உட்கார்ந்து பொத்தான் தைத்து வளர்ந்தேன். இன்றைக்கு இதைச் சொல்லச் சொல்ல இன்னொருத்தி எழுதவேண்டியிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அந்தச் சீட்டுதான்.

நெட்டையின் புருஷன், அந்த மரக்கடைக்காரர், ஒருநாள் வந்தேவிட்டார். யாரோ அவரிடம், உங்க வீட்டம்மா இஸ்திரிக் கடையில இருக்காங்களே என்று சொல்லியிருக்கிறார்கள். கடைக்காரர் உள்ளே பார்த்து, "உங்க வீட்டுக்காரர் வந்திருக்காரும்மா" என்றார். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு முன்னால் போனாள்.

"யாரு நீ?"

"உங்க பொண்டாட்டி."

"என் பொண்டாட்டி என்னைவிட உயரம்."

"நின்னு நின்னு வேலை செஞ்சதுல தேஞ்சுபோயிட்டேன்."

கடைக்காரர் சிரித்தார். அவருக்கு விளையாட்டாகப் பட்டது. மரக்கடைக்காரர் சிரிக்கவில்லை. குரலைத் தணித்துக் கேட்டார். "அவ எங்க?"

"நான்தான் இருக்கேனே. சலவைக்கூடத்துல நீங்கதான் கைநாட்டு வெச்சுக் கூட்டிட்டு வந்தீங்க. வேணும்னா போய்ப் பாருங்க."

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். இவள் என் பொண்டாட்டி இல்லை என்று சொன்னால், பொண்டாட்டி ஓடிப்போனதை ஊருக்குச் சொல்லவேண்டும். அதற்கு அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் அவரும் லேசான ஆள் இல்லை. "சரி. பொண்டாட்டின்னா வேலையை முடிச்சுட்டு வா. வீட்டுக்குப் போலாம்" என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

அம்மா அன்றைக்கு இஸ்திரி போட்ட துணிக்கே மறுபடி மறுபடி இஸ்திரி போட்டாள். நான் மேசைக்குக் கீழே அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடை சாத்துகிற நேரத்துக்கு அவர் எழுந்தார். "மறுபடி வருவேன்" என்றார்.

வந்தார். எப்போது வருவார் என்று தெரியாது. தொடர்ந்து வருவார், நாலு மாதம் காணாமல் போவார், நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்கும்போது பெஞ்சில் இருப்பார். அடித்ததில்லை, இழுத்துப் போனதில்லை. உட்கார்ந்திருப்பார். போகும்போது, "அவ எங்க?" என்பார். "நான்தான் இருக்கேனே" என்பாள் அம்மா. வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று மாமா எத்தனையோ தடவை சொன்னார். "அந்த ஆள் இங்க உக்காந்திருக்கிறவரைக்கும் வேற எங்கயும் போய்த் தேடமாட்டாரு" என்றாள் அம்மா. எனக்குக் கல்யாணம் ஆகி, எனக்கே பிள்ளை பிறக்கும்வரை அந்தப் பெஞ்சு அப்படியே இருந்தது.

கடைசியில் அவர் செத்துப்போனார். பதிவில் மனைவி என்று இருப்பவள் அம்மாதான், அவளுக்குத்தான் ஆள் வந்தது. போய் அடக்கம் செய்துவிட்டு வந்தாள். யாரோ ஒருவருக்கு இரண்டாம் தடவை விதவையானாள். அதை எழுதிக்கொடுக்கப் பதிவு அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். மாடியில் ஒரு பெண் அதிகாரி, சின்ன வயசு, அன்பாகப் பேசினார்.

"அம்மா, இப்பப் புதுசா ஒரு சட்டம் வந்திருக்கு. வீட்டுக்காரர் இல்லாதவங்க விரும்பினா அப்பா வீட்டுப் பேருக்கே திரும்பிக்கலாம். உங்களுக்கு வேணுமா?"

அம்மா முகம் மாறியதை நான் பார்த்தேன். பூட்டு ரிப்பேர்காரர் வீட்டுப் பெயரை மெதுவாகச் சொன்னாள். எத்தனை வருஷமாக அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. மறுபடி ஒருதடவை சொன்னாள்.

"சரிம்மா. உங்க அப்பா வீட்டுப் பழைய பதிவை எடுத்துப் பார்க்கிறோம். உங்களை எந்த வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தாங்க, அந்தச் சீட்டு இப்ப எங்க இருக்குன்னு சரிபார்த்துட்டா முடிஞ்சுது."

அம்மா கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அந்தச் சீட்டையும் பார்ப்பீங்களா?"

"பார்க்காம எப்படிம்மா?"

நான் அம்மாவின் காதருகே குனிந்தேன். "பார்க்கட்டும்மா. இனிமே என்ன பயம்? அந்த ஆளே போயிட்டான். நெட்டை இருக்காளோ இல்லையோ."

"இருக்கா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"செத்திருந்தா, நான் செத்துட்டேன்னு யாராவது உங்க மாமாகிட்ட வந்து சொல்லியிருப்பாங்க."

அம்மா தணிந்த குரலில் சொன்னாள். "அவ இத்தனை வருஷமா ஒரு வேலையில இருப்பா. ஒரு வீடு இருக்கும். நீ யாருன்னு இவங்க போய் நின்னா அவ என்ன சொல்லுவா?"

"நீ என்ன சொன்னியோ அதைச் சொல்லட்டும்" என்றேன்.

"அந்தப் பெஞ்சுக்காரர்கிட்ட நான் சொன்னதை நெனச்சுத்தான் சொல்றேன்."

அதிகாரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இன்னிக்கு விதவைன்னு எழுதிட்டா அப்புறம் மாத்த முடியாது."

"இருக்கிற பேரே இருக்கட்டும் தாயி" என்றாள் அம்மா. கட்டைவிரலை மையில் அழுத்தி, காட்டிய இடத்தில் வைத்தாள்.

படியிறங்கும்போது நான் அவளோடு பேசவில்லை. இடுப்பில் பிள்ளையோடு இரண்டு படி முன்னால் போனேன். என் சீட்டு போனது, படிப்பு போனது, இப்போது அம்மாவின் பெயரும் போனது. யாருக்காக? ஒரே ஒருநாள் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனவளுக்காக. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. அம்மா செய்தது சரி என்று யார் வந்து சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

"கோவமா?" என்றாள் பின்னாலிருந்து.

"ஆமா."

"சரி, இரு. பிள்ளையைக் குடு, படி வழுக்குது."

"உன் கையில மை."

மேலே கைப்பிடிக்கு வெளியே எட்டி நின்று அந்த அதிகாரி கூப்பிட்டார். ரசீதை மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். மரக்கடைக்காரர் வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். எனக்கு அது யாரையோ என்று பட்டது, நான் இறங்கிக்கொண்டே இருந்தேன்.

அம்மா, "இதோ வரேம்மா" என்று திரும்பிப் படியேறினாள்.